டிக்கெட்டை இயந்திரம் வாசிக்க முதல்: யாழ்ப்பாணத்தின் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் ஒழுக்கநெறிக் குழு உறுப்பினர்களுக்கும், அந்த அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் வைத்தியசாலைப் பதிவறைகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். நோயாளி துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபிறகு அவருடைய டிக்கெட், அதாவது வாட்டில் அவரைப்பற்றி எழுதிய குறிப்புத் தாள்கள், வந்து சேரும் இடம் அது. கட்டிலின் தலைமாட்டில் தொங்கியிருந்த அந்தத் தாள்களைப் பிரித்து, வைத்தியர் எழுதியதை வாசித்து, நோய்க்குரிய ஐசிடி குறியீட்டை (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உள்ள இலக்கத்தை) போட்டு, கட்டி அடுக்குவது எங்கள் வேலை. வைத்தியசாலைகளில் எத்தனை பேர் என்ன வருத்தத்தோடு தங்கிச் சிகிச்சை பெற்றார்கள் என்று சுகாதார அமைச்சு வெளியிடும் கணக்கு அந்தக் குறியீடுகளில் இருந்துதான் பிறக்கிறது.

இப்போது அந்தத் தாள்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வாசிப்பித்து ஆய்வு செய்யும் காலம் வந்துவிட்டது. உலகம் முழுக்க நடக்கிறது, இங்கேயும் நடக்கும். எந்த நிபந்தனையில் அதற்கு அனுமதி கொடுப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதைப்பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகள் நடக்கவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். குறியீடு எவ்வளவைத் தவறவிடுகிறது என்பது அதைப் போட்டவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பாம்புக்கடியை எடுங்கள். ஐசிடி 10 இல் பாம்பு நஞ்சுக்கு T63.0 என்று ஒரே குறியீடு. கடித்தது நாகமா, கண்ணாடி விரியனா, கட்டுவிரியனா, எங்கள் வறண்ட மணல் நிலத்தில் திரியும் சுருட்டை விரியனா என்பது அதில் இல்லை. டிக்கெட்டில் இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் போனபோது கடித்ததா, வீட்டுக்குள் கடித்ததா, அடித்த பாம்பைச் சொப்பிங் பையில் போட்டு வாட்டுக்குக் கொண்டுவந்தார்களா, எல்லாம் எழுதியிருக்கும். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர், விடிய எழும்பும்போது கண் இமையைத் தூக்கமுடியவில்லை, கடிவாய் எங்கேயும் தெரியவில்லை என்று ஒரு பயிற்சி வைத்தியர் நாலு வரி எழுதியிருப்பார். வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த நாலு வரியிலேயே கட்டுவிரியன் தெரிந்துவிடும். இங்கே கொடுக்கும் நச்சுமுறி மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்துச் செய்யப்படுவது. எத்தனை குப்பி ஏற்றினார்கள், ஏற்றியபோது உடம்பு நடுங்கியதா, இரத்த அமுக்கம் விழுந்ததா என்பதும் அந்தத் தாளில்தான். பல வருடத்து டிக்கெட்டுகளை ஒரு மனிதர் இருந்து வாசித்து முடிக்க ஏலாது. இயந்திரம் வாசித்து வகைப்படுத்தித் தந்தால் எந்தப் பிரதேசத்தில், எந்த மாதத்தில், எந்தப் பாம்பு என்று முதல் தடவையாகச் சரியாகத் தெரியவரும்.

இன்னொன்று, நேரம். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு வந்த ஆட்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியவில்லை. பிறகு பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. குறியீடு என்பது நோயாளி வீட்டுக்குப் போனபிறகோ செத்தபிறகோ போடுவது. சேர்க்கும்போது எழுதும் குறிப்பில்தான் வெள்ளத்தில் நின்றவர், வயலில் இறங்கியவர், கண் சிவந்திருக்கிறது, சிறுநீர் குறைந்திருக்கிறது என்ற விவரம் அன்றைக்கே இருக்கும். வெவ்வேறு வாட்டுகளில், வெவ்வேறு வைத்தியசாலைகளில் சிதறிக் கிடக்கும் அந்த வரிகளை ஒவ்வொரு பின்னேரமும் ஒன்றாக வாசித்துப் பார்க்கும் ஒரு கருவி இருந்தால் சில நாட்களாவது முந்தலாம். இதற்காகவே இந்த வேலை நடக்கவேண்டும் என்று சொல்வேன்.

சரி, அப்படியானால் ஏன் இந்த மடல்? டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது, எப்படி எழுதியிருக்கிறது என்பது விண்ணப்பப் படிவத்தில் தெரியாது என்பதால்தான்.

ஆய்வு முன்மொழிவில் ‘மருத்துவக் குறிப்புகள்’ என்று இரண்டு சொல்லில் வரும் பொருள், உண்மையில் இரவு இரண்டு மணிக்கு, பதினைந்தாவது நோயாளியைச் சேர்த்துக்கொண்டு, நின்றபடி எழுதிய கையெழுத்து. நோயாளி தமிழில் சொல்வார். தமிழ் தெரியாத வைத்தியர் என்றால் தாதியோ பக்கத்துக் கட்டில்காரரோ இடையில் நின்று சொல்வார்கள். எழுதுவது ஆங்கிலத்தில், அதிலும் பாதி சுருக்கெழுத்து. எச்.டி. (HT) என்றால் பெரியவர்களின் வாட்டில் உயர் இரத்த அழுத்தம். பிள்ளைகளின் வாட்டில் அதே இரண்டு எழுத்து உயரம். பி.ஏ. என்றால் ஆஸ்துமா. நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தால் அது சந்தேகம் மட்டும்தான். மூன்றாம் நாள் பரிசோதனை வந்து அந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும், ஆனால் முதல் பக்கத்தில் எழுதியதை யாரும் வெட்டமாட்டார்கள். கேள்விக்குறியோடு டெங்கு என்று இருப்பதை டெங்கு என்று எண்ணினால் மழைகாலத்தில் கணக்கு எங்கேயோ போய்விடும். இருமல் இல்லை, இரத்தம் போகவில்லை என்று ‘இல்லை’களாகவே நிறைந்த வரிகளில் அந்த ‘இல்லை’யைப் பிடிப்பதற்காக மட்டுமே ஆய்வாளர்கள் இருபது வருடத்துக்கு மேலாக வழிமுறைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு சிக்கல் அது.

இங்கே நீங்கள் கவனிக்கவேண்டிய புதிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய எழுத்துணரி மென்பொருள் கையெழுத்து விளங்காவிட்டால் குப்பையைக் கொட்டும். பார்த்தவுடனே பிழை என்று தெரியும். இப்போதைய மொழி மாதிரிகள், அதாவது தாமே வசனம் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், விளங்காத இடத்தையும் சரளமான வசனத்தால் நிரப்பிவிடும். விஸ்பர் என்ற பேச்சை எழுத்தாக்கும் கருவியை 2024 இல் ஆராய்ந்தவர்கள், யாரும் பேசாத முழு வசனங்களை அது சில இடங்களில் தானாகச் சேர்த்திருந்ததைக் கண்டார்கள். பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள், அதாவது இடைக்கிடை நின்று பேசுகிறவர்கள் விஷயத்தில் அது கூடுதலாக நடந்தது. பேச்சில் நடந்தது கையெழுத்திலும் நடக்கும். மருந்தின் அளவு விளங்காமல் இருந்தால் பதிவறையில் நாங்கள் ‘தெளிவில்லை’ என்று எழுதுவோம். இயந்திரம் வழக்கமான அளவைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வந்த அட்டவணை அழகாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

அதனால் என் முதல் வேண்டுகோள்: எந்த ஆய்வானாலும், இயந்திரம் எடுத்துத் தந்த தகவலில் ஒரு பகுதியை மூலத் தாளோடு வைத்து இரண்டு மனிதர்கள் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அதில் ஒருவராவது பதிவறைக்காரராக இருக்கட்டும். எத்தனை பிழை, எந்த மாதிரிப் பிழை, எந்த வாட்டின் தாளில் அதிகம் என்பதை ஆய்வறிக்கையில் போடாவிட்டால் அனுமதி இல்லை என்று எழுதிவையுங்கள்.

அடுத்தது எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை. ‘பெயர்களை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவோம்’ என்று ஒவ்வொரு முன்மொழிவிலும் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவின் சட்டத்தில் நீக்கவேண்டிய அடையாளங்கள் என்று 18 வகை இருக்கின்றன. பெயர், திகதி, தொலைபேசி, முகவரி இப்படி. அவற்றை நீக்குவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவை அமெரிக்கப் பெயர்களையும் அமெரிக்க முகவரிகளையும் பார்த்துப் பழகியவை. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை, தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும். ஒரே பெயரை ஒரே டிக்கெட்டில் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். பேபி என்று பெயருள்ள அம்மாக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மகப்பேற்று வாட்டில் அந்தச் சொல் குழந்தையைக் குறிப்பது, பக்கத்து வாட்டில் எழுபது வயது மனுசியின் பெயர். ஜே எழுத்தும் ஒரு சரிவுக்கோடும் இலக்கமும் போட்டிருந்தால் அது கிராம அலுவலர் பிரிவு என்று யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். பாஸ்டனில் செய்த மென்பொருளுக்கு அது ஏதோ ஆய்வுகூட எண். அதை அப்படியே விட்டுவிடும். ஒரு கிராம அலுவலர் பிரிவில் சில நூறு குடும்பங்கள்தான்.

எல்லாப் பெயரையும் எல்லா இலக்கத்தையும் சரியாக நீக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இது நானாகக் கட்டிய உதாரணம், யாருடைய கதையும் இல்லை: ஐம்பது வயதைத் தாண்டிய பெண். 2009 இல் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, முதுகில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. மிஞ்சிய மகள் சுவிஸில். கோயிலடியில் சின்னக் கடை வைத்திருக்கிறார். இரண்டு மாதமாக நித்திரை இல்லை, சாகவேண்டும் போல் இருக்கிறது என்கிறார். இதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அந்தக் கோயிலடியில் தேங்காய் வாங்குகிற யாரும் இதை வாசித்தால் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். லண்டனில் இருக்கும் ஊர்க்காரரும் சொல்லிவிடுவார். எங்களுடைய சமூகம் சின்னது, ஒவ்வொருவருக்கும் நடந்தது ஊருக்கே தெரியும். பெயரை வெட்டினாலும் கதை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கதைகளில் என்னென்ன இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். புனர்வாழ்வு முகாமில் இருந்தது, காணாமல்போன மகனைத் தேடி எங்கெங்கே போனது, கணவர் அடித்தது, வெளியில் சொல்லாத கர்ப்பம், யாரால் வந்தது என்று சொல்ல முடியாத காயம். தாய்க்கும் சொல்லாததை வைத்தியரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது அந்த ஒருவரை நம்பி.

வெளிநாடுகளில் நடந்தது தெரியாதது இல்லை. பின்லாந்தில் வாஸ்டாமோ என்ற உளச்சிகிச்சை நிலையத்தின் குறிப்புகள் களவுபோய், 2020 இல் நோயாளிகளுக்கே நேரடியாக மிரட்டல் மின்னஞ்சல் போனது. காசு தராவிட்டால் நீ சிகிச்சையாளரிடம் சொன்னதை வெளியிடுவோம் என்று. பாதிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். இங்கிலாந்தில் ரோயல் ஃபிரீ வைத்தியசாலை சுமார் 16 இலட்சம் நோயாளிகளின் தகவலைக் கூகுளின் டீப்மைண்டுக்குக் கொடுத்தது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒத்துப்போகவில்லை என்று 2017 இல் அந்த நாட்டுத் தகவல் ஆணையாளர் அலுவலகம் தீர்ப்புச் சொன்னது. அங்கே கெட்ட எண்ணம் இருக்கவில்லை. சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஒரு செயலிக்காகத்தான் கொடுத்தார்கள். நல்ல நோக்கம் என்றாலும் நோயாளிகளுக்குச் சொல்லாமல் கொடுத்தது பிழை என்றுதான் முடிவானது.

எங்கள் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. சட்டம் கேட்பது குறைந்தபட்சம். யாழ்ப்பாணத்துக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

வழி இருக்கிறது. குறிப்புகளை இயந்திரத்திடம் அனுப்பாமல், இயந்திரத்தைக் குறிப்புகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரலாம். இங்கிலாந்தில் கொவிட் காலத்தில் தொடங்கிய ஓபன்சேஃப்லி என்ற ஆய்வுத் தளம் அப்படித்தான் வேலை செய்தது. ஆய்வாளர் தன் நிரலை மட்டும் அனுப்புவார், அது தரவு இருக்கும் இடத்திலேயே ஓடும், தொகுத்த அட்டவணை மட்டும் வெளியே வரும். யாருடைய பதிவையும் ஆய்வாளர் கையில் எடுத்துப் பார்க்கமுடியாது. 2020 இல் 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து அப்படியே ஆய்வு செய்து முடித்தார்கள். இன்றைக்கு யாரும் இறக்கி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மொழி மாதிரிகள் பல, நல்ல கணினி ஒன்றிருந்தால் இணையத் தொடர்பே இல்லாமல் ஓடக்கூடியவை. வைத்தியசாலைக்குள் ஒரு அறை, பூட்டு, ஒரு கணினி, யார் எப்போது திறந்தார் என்ற பதிவு. பெரிய செலவுதான் என்றாலும், அதை ஆய்வு நிதியில் ஒரு வரியாகக் கேட்கலாம். நிதி கொடுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ‘தரவை எங்களுக்கு அனுப்புங்கள், நாங்கள் இங்கே பார்க்கிறோம்’ என்றால், ஏன் நீங்கள் இங்கே வந்து பார்க்கக்கூடாது என்று கேளுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அப்புறம், கைத்தொலைபேசி. பெரிய ஆய்வுகள் உங்களிடம் விண்ணப்பத்தோடு வரும், அதனால் தெரியும். மாணவர் ஒருவர் தன் ஆய்வுக்கட்டுரைக்காக வாட்டில் நின்று டிக்கெட்டைப் படம்பிடித்து, இலவச உரையாடல் செயலியில் போட்டு ‘சுருக்கித் தா’ என்று கேட்பது உங்களுக்குத் தெரியவராது. பிள்ளைகளைக் குறைசொல்லவில்லை, நேரமில்லை, கருவி கையில் இருக்கிறது, செய்யக்கூடாது என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவில் மிமிக் என்ற தரவுத்தொகுப்பு இருக்கிறது. பாஸ்டன் வைத்தியசாலை ஒன்றின் தீவிர சிகிச்சைக் குறிப்புகள், பெயர் நீக்கி, திகதிகளை மாற்றி, உலக ஆய்வாளர்களுக்குக் கொடுப்பது. அதைப் பெறப் பயிற்சி முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அவ்வளவு துப்புரவாக்கிய அந்தக் குறிப்புகளைக்கூடச் சாட்ஜிபிடி போன்ற இணையச் சேவைகளுக்கு அனுப்பி மூன்றாம் ஆட்களோடு பகிரக்கூடாது என்று 2023 இல் அதன் பொறுப்பாளர்கள் அறிவித்தார்கள். அப்படியானால் பெயரோடு இருக்கும் எங்கள் டிக்கெட்டின் படத்தைப்பற்றி என்ன சொல்வது? ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். ஒவ்வொரு வருடமும் புதிய மாணவர்கள் வாட்டுக்கு வரும் முதல் நாளிலேயே அதைக் கொடுங்கள்.

உளநலப் பிரிவின் குறிப்புகளையும், வன்முறைக்கு உள்ளான பெண்கள் போகும் நட்பு நிலையங்களின் குறிப்புகளையும் இப்போதைக்கு முழுவதுமாக வெளியே வையுங்கள். மற்ற வாட்டுகளில் சில வருடம் பிழையில்லாமல் நடத்திக்காட்டட்டும். அதற்குப் பிறகு பேசலாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

நோயாளிகளிடம் கேட்பதைப்பற்றியும் சொல்லவேண்டும். கிளினிக் நாளில் விடியவே வந்து நம்பர் எடுத்து, கொப்பியைக் கொடுத்துவிட்டு வாங்கில் இருக்கும் ஆட்களிடம் ஒரு படிவத்தை நீட்டினால் எல்லாரும் கையெழுத்து வைப்பார்கள். மருந்து கிடைக்கவேண்டுமே என்ற பயத்தில் வைக்கும் கையெழுத்து அது. அதைச் சம்மதம் என்று எண்ணவேண்டாம். சுகாதாரத் தரவுத்தளங்கள் பற்றி உலக மருத்துவச் சங்கம் 2016 இல் தைப்பேயில் திருத்தி நிறைவேற்றிய பிரகடனமும், ஆளுக்குத் தன் தகவல் எப்படிப் பயன்படுகிறது என்று அறியவும் மறுக்கவும் உரிமை உண்டு என்கிறது. கிளினிக் சுவரில் பெரிய எழுத்தில், ஆய்வாளர் பாஷையில் இல்லாமல், ‘உங்கள் குறிப்பைக் கணினி வாசிக்கப்போகிறது, இதற்காக, இந்த இடத்தில் வைத்து. விருப்பமில்லை என்றால் இவரிடம் சொல்லுங்கள், உங்கள் சிகிச்சையில் ஒரு மாற்றமும் வராது’ என்று போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாங்கில் இருக்கும்போதே யாராவது சொல்லட்டும். இதற்கென்று ஒரு தாதி உத்தியோகத்தரை அரை நாள் விட்டால் நடக்கும் காரியம். ஒழுக்கநெறிக் குழுவிலும் மருத்துவம் படிக்காத, கிளினிக்குக்கு வந்து காத்திருந்து பழகிய ஒருவர் இருக்கவேண்டும். உறுப்பினர் பட்டியலில் பெயருக்கு மட்டும் இல்லாமல், பேசுகிற ஒருவராக.

இன்னும் ஒன்று. குறிப்பு அதிகம் உள்ளவரே அதிகம் நோயாளி என்று இயந்திரம் நினைத்துவிடக்கூடாது. 2019 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு, யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கணிக்கும் மென்பொருள் ஒன்று செலவை வைத்து நோயை அளந்ததைக் கண்டுபிடித்தது. ஒரே அளவு வருத்தமுள்ள கறுப்பின மக்களுக்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டிருந்ததால், அவர்களைச் சுகமானவர்கள் என்று அது கணக்குப் போட்டது. எங்களுக்கு இதற்கு உதாரணம் நெடுந்தீவு. கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாது. கிளினிக் தவறும். நாலு வருடத்தில் தீவில் இருப்பவருடைய கொப்பியில் பத்துப் பக்கம்தான் நிரம்பியிருக்கும், யாழ் நகரை ஒட்டிய திருநெல்வேலியில் இருப்பவரின் கொப்பி மூன்றாவதுக்குப் போயிருக்கும். இந்த வித்தியாசத்தை எப்படிச் சரிக்கட்டுவீர்கள் என்று ஒவ்வொரு ஆய்வாளரிடமும் கேளுங்கள். பதில் இல்லை என்றால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியில், கண்டுபிடித்தது இங்கே திரும்பி வரவேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் அச்சிட்ட மண் இது. எங்கள் டிக்கெட்டை வாசித்து எடுத்த முடிவு ஆங்கில ஆய்விதழில் மட்டும் கிடப்பது சரியில்லை. எந்த மாதத்தில் எந்தப் பாம்பு என்று தெரிந்தால் அது அந்தத் தோட்டக்காரருக்குத் தமிழில் போகவேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையால், ஒரு பக்கத் தாளிலாவது. அனுமதிக் கடிதத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

ஓய்வுபெற்ற பதிவறைக்காரர்கள் நாங்கள் சிலர் இங்கே இருக்கிறோம். எந்த வைத்தியரின் கையெழுத்து எப்படி, எந்த வாட்டில் எந்தச் சுருக்கெழுத்து என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வைத்துவிட்டு, முதல் ஆய்வின் முதல் கட்டுத் தாள்களை இயந்திரத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுத் தர நாங்கள் தயார். காசு வேண்டாம், போக்குவரத்துச் செலவு மட்டும் போதும். நீங்கள் முடிவெடுத்ததும் வைத்தியசாலைப் பதிவறைகளுக்கு ஒரு அறிவித்தல் அனுப்புங்கள், எங்களுக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவப் பதிவேட்டு உத்தியோகத்தர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.